வேல்மலைக்கு ஒருத்தி

தகாயாமா, ஜப்பான்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

சாந்தா எழுதுகிறேன். ஒரு வாரமாகப் படுத்திய சளி நேற்றோடு விட்டது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இன்சீனில் ஜெயம்மா அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? ஜெனரேட்டர் பழுது பார்க்கப் போகும்போது சோறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கபீர் பாய் கடை டீயும் பலகாரமும் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது.

இங்கே முதியோர் இல்லத்தில் வேலை எப்போதும் போலத்தான். மணி அடித்தால் ஓட வேண்டும். தூக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும். என் தோளைப் பார்த்தால் நீங்களே பயப்படுவீர்கள், அவ்வளவு பலம் வந்துவிட்டது.

போன வாரம் மலைகளில் முதல் பனி விழுந்தது. ஊருக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எல்லா மலைக்கும் பின்னால் கூராக ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். யாரிகதாகே என்று பெயர். யாரி என்றால் வேல். அதனால் எனக்குள் நான் வேல்மலை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். இந்த நாட்டின் மிக உயரமான மலைகளில் ஒன்று. இரண்டு குளிர்காலமாக மிதோரியின் குழுவோடு போய் பனியில் நடக்கவும் கூடாரம் போடவும் கற்றுக்கொண்டேன் அல்லவா? மிதோரி யார் என்று மறந்திருப்பீர்கள். மலைச் சாமான் கடை வைத்திருக்கிறாளே, என் வயசுக்காரி, அவள்தான். இந்தக் குளிர்காலம் வேல்மலை உச்சிக்குப் போக வேண்டும் என்று மனசில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் ஃபோனில் பேசியபோது, "இங்க பனி விழுந்தாச்சு" என்றேன். நீங்கள், "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்றீர்கள். உடனே ஃபோனை அண்ணியிடம் கொடுத்துவிட்டீர்கள். என்மேல் ஏதாவது கோபமா? இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் சரியாகத் தூங்குவேன்.

சாந்தா


தாமுவே, ரங்கூன்
6 நவம்பர் 2025

அன்புள்ள சாந்தாவுக்கு,

சிவராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம், இன்சீனில் அக்கா சுகம், நம் ஆறாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மட்டும் சுகமில்லை. கரண்ட் வரும் நேரத்தில் மோட்டார் படுத்துக்கொள்கிறது, மோட்டார் எழும் நேரத்தில் கரண்ட் படுத்துக்கொள்கிறது. உனக்குச் சளி விட்டது சந்தோஷம்.

கோபம் ஒன்றும் இல்லை. லைன் சரியில்லை, அவ்வளவுதான். என் டச் ஃபோனை விற்றுவிட்டேன். தெருவில் சோதனைக்கு நிறுத்தி ஃபோனை வாங்கிப் பார்க்கிறார்கள், யாருக்கு இந்தத் தலைவலி? இனிமேல் நீ எழுது, நானும் எழுதுகிறேன். பேச்சை விட உன் எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. அவசரம் என்றால் அக்கா ஃபோனுக்கு ஒரு வரி அனுப்பு.

வேலை நிறைய இருக்கிறது. போன வாரம் டாலாவுக்குப் படகில் போய் ஒரு நெல்மில் எஞ்சினை ஓட வைத்துவிட்டு வந்தேன். கபீர் பாய்க்கு என்னைக் கேலி செய்வதே வேலை. இப்போதெல்லாம் பேசுவதுகூட இல்லை, தூரத்திலிருந்தே கையைக் காட்டி, ஒரு டீயா ரெண்டா என்று விரலால் கேட்கிறார்.

மலை விஷயம் படித்தேன். வெயில் காலத்தில் ஏறக் கூடாது என்று அந்த மலையில் எழுதிப் போட்டிருக்கிறதா? குளிரில்தான் போக வேண்டுமா? குழுவோடு போகிறாய் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை. கம்பளி வாங்கிக்கொள். பணத்தைப் பார்க்காதே.

உன் நினைவோடு,
சிவராஜ்


தகாயாமா
23 நவம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இல்லத்தில் எல்லோருக்கும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சௌக்கியமாக இருக்கிறேன். நீங்களும் மோட்டாரும் சமாதானமாகப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வெயில் காலத்தில் வேல்மலைக்குப் போவது நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் போவது மாதிரி. ஏணியில் வரிசையில் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் மலைக் குடில்களை மூடிவிடுவார்கள். பஸ் பாதி தூரம்தான். அப்போது அது வேறு மலை.

பயிற்சி நன்றாகப் போகிறது. வேலை முடிந்ததும் முதுகுப் பையில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டு கோயில் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். போன வாரம் லீவு கிடைத்தது. பக்கத்து மலை ஒன்றுக்குப் போனேன். மேலே பனியைத் தோண்டிச் சமன் செய்து கூடாரம் போட்டேன். பனியை உருக்கிக் கஞ்சி வைத்தேன். காற்று விடிய விடிய அடித்தது, ஆனாலும் தூங்கினேன். காலையில் பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு உச்சி வரை போனேன், மத்தியானத்துக்குள் இறங்கினேன். கால் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

இல்லத்தில் புதுவருஷ லீவு எனக்கு இந்தத் தடவை கிடைத்திருக்கிறது. டிசம்பர் கடைசியில்.

அண்ணிக்கு முழங்காலில் தடவ ஒரு தைலம் அனுப்புகிறேன். தேய்த்ததும் எரியும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சாந்தா


தாமுவே
8 டிசம்பர் 2025

சாந்தாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அக்கா தைலத்தை நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். போன வருஷம் எல்லாம் 'போனோம், சாப்பிட்டோம், கூடாரம் போட்டோம்' என்று எழுதுவாய். இதில் போனேன், போட்டேன், வைத்தேன், தூங்கினேன், இறங்கினேன். கூட வந்தவர்கள் எங்கே சாந்தா?

நீ தனியாகப் போயிருக்கிறாய். வேல்மலைக்கும் தனியாகத்தான் போகப் போகிறாய். இல்லையென்றால் எழுது, மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆமாம் என்றால், போக வேண்டாம். நீ இங்கிருந்து கிளம்பியபோது நான் ஒரு வார்த்தை தடுத்தேனா? மூன்று வருஷமாக எதற்காவது தடுத்தேனா? இதைத் தடுக்கிறேன். காரணம் கேட்காதே.

சிவராஜ்


தகாயாமா
22 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு எப்படி என்று இந்தக் கடிதத்தைப் படித்தால் தெரியும்.

ஆமாம். தனியாகத்தான். மிதோரி, "நானும் வரேன், கயிறு கட்டிக்கிட்டுப் போகலாம்" என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். அவளும் உங்களை மாதிரித்தான் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு மாதம் என்னைப் போட்டு வாட்டியெடுத்தாள். பனிச்சரிவு எங்கே விழும், எந்தக் காற்றில் திரும்ப வேண்டும், விழுந்தால் பனிக் கோடாலியை எப்படிக் குத்த வேண்டும் என்று. அவள் போகலாம் என்று சொன்ன பிறகுதான் தேதி குறித்தேன்.

ஏன் தனியாக என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பிறந்த வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர். உங்களோடு வந்த பிறகு அத்தை இருந்தார்கள், கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். இங்கே வந்தால் ஹாஸ்டல் அறையில் மூன்று பேர், வேலையில் மணி. ஒன்றையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொன்பது வயசில் யோசித்துப் பார்க்கிறேன். இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்று நானாக ஒரு நாள்கூட முடிவு செய்ததில்லை. யாராவது கூப்பிட்ட பக்கம் போயிருக்கிறேன். பக்கத்து மலையில் தனியாக நடந்த அன்று முதல் தடவையாக என் காலை என் புத்தி நடத்தியது. அந்த ருசி தெரிந்த பிறகு விட முடியவில்லை.

நமக்குப் பிள்ளை இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று என் சிநேகிதி ஒருத்தி சொன்னாள். உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன். இருபத்தொன்பதாம் தேதி கிளம்புகிறேன். உத்தரவு கேட்கவில்லை அத்தான், தெரியப்படுத்துகிறேன். இந்த வரியை எழுத எனக்கு ஒரு முழு சாயங்காலம் ஆனது.

குளிர் நாளில் உங்களுக்கு மூச்சு இழுக்கும், வெந்நீர் குடியுங்கள்.

சாந்தா


தகாயாமா
4 ஜனவரி 2026

அன்புள்ள அத்தானுக்கு,

முழு உடம்போடு இருக்கிறேன். விரல்கள் பத்தும் இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அண்ணிக்கும் ஒரு வரி அனுப்பினேன், வந்திருக்கும்.

உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. என் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லையோ, வந்தும் எழுதவில்லையோ தெரியவில்லை.

உச்சிக்குப் போகவில்லை. முதல் நாள் ஆற்றோரமாக நடந்து, மூடிக் கிடந்த குடிலில் தங்கினேன். அங்கே குளிர்காலத்துக்கு என்று ஓர் அறையை மட்டும் திறந்து விட்டிருப்பார்கள். மறுநாள் இடுப்பளவு பனியில் காட்டுக்குள் ஏறி மலை முதுகுக்கு வந்தேன். மூன்றாம் நாள் காலை மலை முதுகு இடுங்கி ஒரு வாய்க்கால் வரப்பு மாதிரி வரும் இடத்தில் காற்று பிடித்துக்கொண்டது. நிற்க முடியவில்லை. முழங்காலில் உட்கார்ந்து கோடாலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. கத்தினேன். அத்தான், நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வாய் திறக்கிறது, தொண்டை அதிர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அதுதான் அந்த மலையில் எனக்கு மிகவும் பயமான நேரம். விழுவது பற்றிக்கூட அவ்வளவு பயம் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று ஒரு ஆசை இருந்தது. மேலே சரிவில் புதுப் பனி தடித்துக் கிடந்ததும் தெரியும். அது என் எடைக்குக் கிளம்பலாம். திரும்பிவிட்டேன். கூடாரத்தில் ஒரு நாள் முழுக்க அழுதேன், பனியை உருக்கிக் குடித்தேன், பிறகு இறங்கினேன்.

மிதோரி காரில் வந்து கூட்டிப்போனாள். "சரியா செஞ்சே" என்றாள், அதோடு விட்டுவிட்டாள். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்? திட்டினாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.

சாந்தா


தாமுவே
18 ஜனவரி 2026

என் சாந்தாவுக்கு,

உன் விரல் பத்தும் இருப்பதாக எழுதிய வரியைக் கபீர் பாய்க்குக்கூடப் படித்துக் காட்டினேன். நான் உடம்பில் நன்றாகத்தான் இருக்கிறேன். மற்றதைக் கீழே படி.

இரண்டு கடிதமும் ஒரு வார இடைவெளியில் வந்தன. முதல் கடிதத்தைப் படித்து உன்மேல் எரிச்சலாக உட்கார்ந்திருந்தேன். பதில் எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்தேன். இரண்டாவது வந்தது. அதில் நீ கத்தியது உனக்கே கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய்.

எனக்கு ஆகஸ்டிலிருந்து அப்படித்தான் சாந்தா.

ஒரு ஹோட்டலில் கீழ்த்தளத்து ஜெனரேட்டர் அறையில் வேலை. ஓட விட்டு, பார்த்து, இறுக்கிவிட்டு வெளியே வந்தேன். இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்ப உள்ளே ஓடினேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் நின்றுவிட்டது. நாலைந்து வருஷமாகவே மங்கிக்கொண்டு வந்தது, உன்னிடம் டிவி சத்தம் பத்தவில்லை என்று சொல்வேனே, அதுதான். இப்போது வலது காதில் சுத்தமாக இல்லை. இடது காதில் லாரி ஹார்ன் கொசு மாதிரி கேட்கும். அக்காவுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஃபோனில் நீ என்ன கேட்பாய் என்று யூகித்துச் சாப்பிட்டாச்சு சொல்வேன். பாதி நாள் பொருந்திவிடும்.

உன்னைப் போக வேண்டாம் என்று நான் எழுதியதன் காரணம் இதுதான். உனக்கு அங்கே ஏதாவது ஆகி யாராவது பட்டறைக்கு ஃபோன் செய்தால், அது அடிப்பதுகூட எனக்குத் தெரியாது. ஃபோன் என் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும், நான் நட்டு திருகிக்கொண்டிருப்பேன். இதை நினைத்துப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்ல முடியவில்லை. மலையைத் திட்டினேன்.

இப்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. ஆசை இருக்கும்போதே நீ திரும்பி வந்திருக்கிறாய். கூட ஒருத்தர் இல்லாமல், பிடித்து இழுக்க ஆளில்லாமல், நீயே முடிவு செய்து இறங்கியிருக்கிறாய். அப்படிப்பட்டவளை நான் எதற்குத் தடுக்க வேண்டும்?

குளிர்காலம் இன்னும் முடியவில்லைதானே? திரும்பப் போ.

சிவராஜ்


தகாயாமா
2 பிப்ரவரி 2026

அத்தான்,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உங்கள் கடிதத்தைத் துணி உலர்த்தும் அறையில் நின்று படித்தேன். மணி அடித்தது, போகவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை! நீங்கள் ஒன்றுமே கேட்காமல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா ஆமா" என்று தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நான் கோபம் என்று நினைத்து இங்கே மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அண்ணியும் சேர்ந்துகொண்டார்களே! உங்களை என்ன செய்வது?

மேற்பார்வை அம்மாவிடம் பேசிவிட்டேன். ஒப்பந்தம் முடிய இன்னும் இருக்கிறது, ஆனாலும் குடும்பக் காரணம் என்றால் விடுவார்களாம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டேன். உச்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். காது கேட்காமல் நீங்கள் அந்தத் தெருவில் லாரிக்கு நடுவே நடந்து போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்துவிடுகிறேன். நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சாந்தா


தாமுவே
14 பிப்ரவரி 2026

சாந்தாவுக்கு,

சரி என்று எழுத மாட்டேன்.

இன்சீனில் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ருக்சானா ஒசாகாவுக்கு வேலைக்குப் போகிறாள். அவள் கையில் இதைக் கொடுக்கிறேன், சீக்கிரம் வரும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ வந்துவிட்டால் எனக்குக் காது வந்துவிடுமா? வராது. நான் காது டாக்டரைப் பார்த்தேன். இடது காதுக்கு மெஷின் வைத்தால் கொஞ்சம் பிடிக்கும் என்கிறார், ஏற்பாடு நடக்கிறது. வேலை குறையவில்லை. வாடிக்கைக்காரர்கள் பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் போடுகிறார்கள். ஒருத்தர் எழுத்துப் பிழை விட்டால் அடுத்தவர் திருத்துகிறார். தெருவைக் கடக்கும்போது கபீர் பாய் கடையை விட்டு வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவர் விடுவதில்லை.

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தாய் என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பட்டறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமாகச் சிரித்திருப்பேன் போல.

கேள். நீ என் காதுக்காக இறங்கி வந்தால் இரண்டு பேருக்கும் அது ஒரு பாரமாகிவிடும். உனக்கு உச்சி போச்சு, எனக்குக் காது போச்சு என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது வேண்டாம். பெட்டியை மேலே ஏற்று. போய்த் தொட்டுவிட்டு வா. தொட முடியாவிட்டால் போன தடவை மாதிரி திரும்பி வா. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா லீவுக்கு இங்கே வா, உட்கார்ந்து பேசலாம். நீ எழுதிக் காட்டு, நான் பேசுகிறேன்.

கிளம்பும் நாளையும் இறங்கும் நாளையும் அக்கா ஃபோனுக்கு அனுப்பு. நான் அங்கே போய் இருப்பேன்.

உன்,
சிவராஜ்


தகாயாமா
3 மார்ச் 2026

என் அத்தானுக்கு,

மூக்கு நுனி தோல் உரிந்து கறுத்திருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, வலது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது. டாக்டர் சரியாகிவிடும் என்றார். இதைத் தவிர உங்கள் மனைவி முன்னைவிட நன்றாக இருக்கிறாள். செய்தி உங்களுக்கு வந்திருக்கும். ஆனாலும் முழுக்கச் சொல்ல வேண்டும்.

ருக்சானா உங்கள் கடிதத்தை ஒசாகாவிலிருந்து விரைவுத் தபாலில் போட்டாள். படித்துவிட்டுப் பெட்டியை மேலே ஏற்றினேன். அடுத்த செவ்வாய் கிளம்பினேன். மிதோரி வண்டிப்பாதை முடியும் வரை கொண்டு விட்டாள். காரை விட்டு இறங்கவில்லை. "இறங்கினா கூடவே வந்துடுவேன், நீ போ" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் போன தடவை போலத்தான். வியாழக்கிழமை விடியும் முன்பே கூடாரத்தைத் திறந்தேன். ஒரு துளி காற்று இல்லை. நட்சத்திரம் எல்லாம் பக்கத்தில் இருந்தது. மூச்சு விட்டால் கண் இமையில் உறைந்துவிடுகிறது. நடக்க ஆரம்பித்தேன். பனி இறுகி, இரும்புப் பற்கள் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போன தடவை மண்டியிட்ட இடத்தைத் தேடினேன், கண்டுபிடிக்கவே முடியவில்லை. எல்லாம் மொழுமொழுவென்று புதுசாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

மேல் தோளில் ஒரு குடில் இருக்கிறது, அதுவும் மூடித்தான் கிடந்தது. திறந்துவிட்டிருந்த அறையில் பையை வைத்துவிட்டு, கயிறும் கோடாலியும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்துதான் வேல் நேராக நிற்கிறது. பாறை எல்லாம் பனி பூத்து, இறகு இறகாகக் காற்று வந்த பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை இங்கே இறால் வால் என்கிறார்கள். சங்கிலிகள் அதற்குள் புதைந்து கிடந்தன. ஏணியின் ஒவ்வொரு கம்பியையும் கோடாலியால் தட்டி உடைத்துத்தான் கால் வைக்க வேண்டும்.

கடைசி ஏணிக்குக் கீழே பாறையில் இடது கால் வழுக்கிவிட்டது. உடம்பு மொத்தமும் வலது கையில் தொங்கியது. கீழே பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அப்போது என் வாயில் அம்மா வரவில்லை, முருகா வரவில்லை. "அவசரப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றேன். இல்லத்தில் பெரியவர்களைப் படுக்கையிலிருந்து தூக்கும்போது நான் சொல்லும் வார்த்தை. அதே ஜப்பானிய மொழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெதுவாகக் காலைக் கொண்டுவந்து பற்களைப் பனியில் உதைத்துப் பதித்தேன். நின்றது. ஏணியின் முதல் கம்பி. அதற்கு அடுத்தது.

பிறகு பிடிக்கக் கம்பி இல்லை. மேலே வானம்தான் இருந்தது.

உச்சி நம் சமையலறை அளவுதான். ஒரு சின்ன மரக் கோயில், முழுக்கப் பனி மூடியிருந்தது. சுற்றிலும் மலை, மலைக்குப் பின்னால் மலை. தொலைவில் ஃபூஜி மலை தனியாக நின்றது. மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. நான் இருக்கிற இடத்துக்கு மேலே ஒருவரும் இல்லை, பக்கத்திலும் ஒருவரும் இல்லை. இரண்டு கையையும் தூக்கினேன். அத்தான், நான் ஆடினேன். தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்கள் ஆடுவார்களே, அந்த மாதிரி, அந்தச் சமையலறைக்குள் சுற்றி வந்து ஆடினேன். பார்க்க யாரும் இல்லாததால்தான் ஆட முடிந்தது. ஆடி முடித்த பிறகு உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தவிப்பு வந்தது பாருங்கள், அதுதான் என்னைப் பத்திரமாகக் கீழே இறக்கியது.

குடிலுக்கு வந்து சேர்ந்ததும் மேகம் மூடிவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்கக் கதவைத் திறக்க முடியாத புயல். ஃபோன் குளிரில் செத்துவிட்டது. நீங்கள் அங்கே என்ன பாடு படுவீர்கள் என்று தெரிந்தும் கிளம்பவில்லை. கிளம்பினால் தப்பு. சனிக்கிழமை காலை வானம் வெளுத்தது, அன்றைக்கே மிதோரியின் கார் வரை வந்துவிட்டேன். அவள் இந்தத் தடவை இறங்கி ஓடி வந்தாள். அவள் ஃபோனில்தான் உங்களுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

உச்சியைத் தொட்ட,
சாந்தா


தாமுவே
15 மார்ச் 2026

உச்சியைத் தொட்ட சாந்தாவுக்கு,

உன் மூக்குத் தோல் சீக்கிரம் வளரட்டும். அந்த இரண்டு விரலை வெந்நீரில் வைக்கிறாயா? இங்கே எல்லோருக்கும் அந்த இரண்டு விரல்தான் இப்போது கவலை.

உன் கதை வந்துவிட்டது. இனி என் கதையைக் கேள்.

வெள்ளிக்கிழமை இறங்குவேன் என்று சொன்னாய். அன்று காலையிலேயே வட்ட ரயிலில் இன்சீன் போய்விட்டேன். போய்ப் பார்த்தால் அங்கே நெட் இல்லை. காலையிலிருந்தே இல்லையாம். நீ இறங்கவில்லையா, செய்திதான் வரவில்லையா, எப்படித் தெரியும்? அக்கா ஸ்லேட்டில், 'நெட் வந்தா வரும், சாப்பிடு' என்று எழுதிக் காட்டினாள். சனிக்கிழமையும் அதே ஸ்லேட், அதே எழுத்து. அழிக்காமலே தூக்கிக் காட்டினாள்.

ஃபோன் அடித்தால் எனக்குக் கேட்காது, தெரியும்தானே. அதிர்கிற மாதிரி வைத்து இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டேன். அக்கா கடைக்குப் போனாள், குளித்தாள், கோலம் போட்டாள், தூங்கினாள். நான் அந்த ஃபோனைக் கீழே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அது என் உள்ளங்கையில் குருவி மாதிரி துடித்தது.

'இறங்கிட்டேன். உச்சி தொட்டேன். சாந்தா.'

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அக்கா சொல்லித்தான் தெரியும். கத்தினேனாம். எவ்வளவு சத்தம் என்று எனக்கு அளவு தெரியாதே. அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். எதிர்வீட்டு ஆள் தீப்பிடித்ததென்று வாளித் தண்ணீரோடு வந்தார். ருக்சானாவின் அம்மா செருப்பில்லாமல் வந்தார். நான் எல்லோருக்கும் ஃபோனைக் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு அக்கா பர்மா பாஷையில் சொன்னாள். வாளியோடு வந்தவர் அந்தத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டார். திருவிழா ஒரு மாதம் முன்னால் வந்துவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். நனைந்த லுங்கியோடுதான் ரயில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்மாக்கார அம்மாவிடமும் சொன்னேன். அவர் தன் கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

கபீர் பாய் கடையில் அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. அவர் பட்டறைச் சுவரில் தன் கையால் 'நம்ம சாந்தாம்மா பனிமலை ஏறிட்டாங்க, தனியா' என்று எழுதினார். அதில் எழுத்துப் பிழை இல்லை. நம் கட்டடத்துப் பெண்கள் வந்து ஆளுக்கொரு கேள்வி எழுதிவிட்டுப் போகிறார்கள். குளிருக்கு உள்ளே எத்தனை உடுப்பு, தனியாகப் படுக்கப் பயமில்லையா, என் பெண்ணுக்கும் சொல்லித் தருவார்களா என்று. சுவரில் இடம் இல்லை. நீ வந்து பதில் சொல். எனக்கு ஒரு ஜெனரேட்டர் வேலையைக் குறித்து வைக்கக்கூட அதில் இடம் இல்லை.

மெஷின் வைத்துவிட்டார்கள். காக்கா கத்துவது தகரத்தைக் கீறுவது மாதிரி இருக்கிறது. மனுஷர் பேசுவது இன்னும் பிடிபடவில்லை. பழகும் என்கிறார்கள். பழகாவிட்டாலும் போகட்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கூட்டம் அதிகம், மெஷினில் எல்லாம் ஒரே இரைச்சல். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு யார் பேருக்கு அர்ச்சனை என்று கையால் கேட்டார். இத்தனை வருஷம் நான் என் பெயரைச் சொல்லி, நட்சத்திரத்தைச் சொல்லி, அப்புறம் குடும்பம் என்று சொல்வேன். அதற்குள் நீ அடங்கிவிடுவாய். அன்று நான், "சாந்தகுமாரி" என்றேன். அவர் இன்னும் சொல்லுங்கள் என்று காத்து நின்றார்.

"ஒரு பேர்தான் சாமி. தனியாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பி நின்று சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பக்கவாட்டில் போய் நின்று அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு எழுத்து விடாமல் சொன்னார்.

சிவராஜ்